பாலத்துக்கு அடியில தண்ணி

நம்ம பதிவுலக மக்கள் ராஜராஜன், பல்லவர், குடைவரைக் கோயில்னு வரலாற்றுப் பதிவா போட்டுத் தாக்குறீங்க. எனக்கு அந்த அளவுக்குக் கல்வெட்டு ஞானம் எல்லாம் கிடையாது. பொட்டி தட்டுறவனுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை, ஒரு தப்பு எங்க ஆரம்பிச்சதுன்னு பின்னாடியே போய்த் தோண்டுறது. அதே புத்தியோட ஒரு நோயைத் தோண்டிப் பாத்தேன். ரெண்டு மாசமா ராத்திரி தூக்கம் போச்சு. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படிச்சது இன்ஜினியரிங். இதை வச்சு யாரும் தனக்குத் தானே வைத்தியம் பாத்துக்காதீங்க.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பொம்பளைக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரிஞ்சா, அதுக்குப் பேரு 'சூடு'. வெயில் ஊர்தானே. கால் கட்டைவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வை, இளநீ குடி, மோர்ல வெந்தயம் போட்டுக் குடி. அதுவே மாசா மாசம் வீட்டுக்குத் தூரமாகுற நாள்ல சுருண்டு படுத்தா, அதுக்குப் பேரு வெறும் 'வயித்து வலி'. "ஒரு புள்ளயப் பெத்தா எல்லாம் சரியாப் போகும்"னு ஒரு பாட்டி கண்டிப்பா சொல்லும். சரி, இந்த எரிச்சலும் அந்த வலியும் ஒரே நேரத்துல, ஒவ்வொரு மாசமும் கணக்கா வந்தா? அதுக்கு எங்க ஊர்ல பேரே கிடையாது. பேரு இல்லாததாலயே அது ஒரு நோய்னு யாருக்கும் தோணுறதில்லை.

டாக்டர்கள் அதுக்கு வச்சிருக்கிற பேரு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கு. மாசா மாசம் தடிச்சு, கரு தங்கலைன்னா உதிர்ந்து ரத்தமா வெளியே வர்றது அதுதான். அந்தப் படலம் மாதிரியே இருக்கிற திசு, கர்ப்பப்பைக்கு வெளியில, இருக்கக் கூடாத இடத்துல ஒட்டி வளர்ந்தா அதுதான் இந்த நோய். அங்கயும் அது மாசா மாசம் தடிக்கும், கசியும். ஆனா வெளியேற வழி கிடையாது. சுத்தி வீங்கும், புண்ணாகும், ஆறும்போது தழும்பு விழும், அந்தத் தழும்பு பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் பிசின் மாதிரி இழுத்து ஒட்டும். குழந்தை பெறும் வயசுல இருக்கிற பெண்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதிகமா ஒட்டுறது சினைப்பைலயும் கர்ப்பப்பைக்குப் பின்னாடியும்தான். சிறுநீர் பாதையில ஒட்டுறது ரொம்பக் கொஞ்சம், எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்னு புத்தகங்கள் சொல்லுது. ஆழமா வேர் விட்ட வகையில இது இன்னும் அதிகம். அந்த நூத்துல ஒண்ணுதான் இந்தப் பதிவோட கதை.

மொதல்ல ஊடல நிலவரம். கிட்னி ரெண்டும் மேல முதுகுப்பக்கம். மூத்திரப்பை கீழ, கர்ப்பப்பைக்கு முன்னாடி. ரெண்டையும் இணைக்கிறது யூரிட்டர்ங்கிற குழாய். நீளம் 25ல இருந்து 30 சென்டிமீட்டர், தடிமன் ஒரு குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெருசு, மூணு நாலு மில்லிமீட்டர். இது கீழ இறங்கி வரும்போது கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய்க்கு அடியில நுழைஞ்சுதான் மூத்திரப்பைக்கு வரும். மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் பண்றதுக்கு இதை 'பாலத்துக்கு அடியில தண்ணி'ன்னு சொல்வாங்க. ரத்தக்குழாய் பாலம், யூரிட்டர் தண்ணி. கர்ப்பப்பை ஆபரேஷன்ல பாலத்தை வெட்டும்போது தண்ணியையும் சேத்து வெட்டிடாதேன்னு எச்சரிக்கை.

இப்ப வரலாறு. 1860ல் வியன்னாவில் கார்ல் ரோக்கிடான்ஸ்கிங்கிற நோய்க்குறியியல் பேராசிரியர், கர்ப்பப்பைச் சுரப்பிகள் இருக்கக் கூடாத இடத்துல வளர்ந்திருக்கிறதைப் பத்தி எழுதினார். பிணங்களை அறுத்துப் பாக்கிறதுதான் அவரோட தொழில். அவர் பாத்தது நாம இன்னைக்குச் சொல்ற எண்டோமெட்ரியோசிஸ்தானா, இல்லை அதோட பங்காளி நோயான்னு வரலாற்றுக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தச் சண்டைக்குள்ள நாம போக வேணாம். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில தாமஸ் கல்லன்னு ஒரு கனடாக்காரர் 1908ல் இதுக்குன்னே தடியா ஒரு புத்தகம் போட்டார். யூரிட்டர்ல இந்தத் திசு இருக்கிறதை முதல்ல விவரிச்சதும் அவர்தான், 1917ல். மூத்திரப்பையில இருக்கிறதை 1921ல் மேயோ கிளினிக்கோட எட்வர்ட் ஸ்டார் ஜட் எழுதினார். மூத்திரப்பைக் கட்டின்னு நினைச்சுத் திறந்தா உள்ள இருந்தது கர்ப்பப்பைத் திசு.

அதே 1921ல் இன்னொருத்தர் வர்றார். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள், நியூயார்க் மாநிலத்துல ஆல்பனி நகரத்து ஜான் சாம்ப்சன். சினைப்பையில பழைய ரத்தம் தேங்கி சாக்லேட் கலர்ல வர்ற கட்டிகளைப் பத்தி எழுதினார். எண்டோமெட்ரியோசிஸ்ங்கிற பேரு புழக்கத்துக்கு வந்ததே அவராலதான். 1927ல் அவரோட புகழ்பெற்ற விளக்கத்தை முழுசா வச்சார். மாசவிலக்கு ரத்தம் கீழ மட்டும் போறதில்லை. கொஞ்சம் கருக்குழாய் வழியா பின்னோக்கிப் போய் வயித்துக்குள்ளயும் சிந்துது, அதுல இருக்கிற திசு விழுந்த இடத்துல வேர் பிடிக்குதுன்னார். நாத்தாங்கால்ல இருந்து விதை சிதறி வரப்புல முளைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

சாம்ப்சன் எனக்கு ஏன் பிடிக்கும்னா, இந்த மனுஷன் இளவயசுல ஹாப்கின்ஸ்ல இருந்தப்ப ஆராய்ச்சி பண்ணது யூரிட்டரைப் பத்தி! கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய் ஆபரேஷன்ல யூரிட்டருக்கு என்ன ஆகுது, தெரியாம அதைக் கட்டிட்டா என்ன ஆகும், அதுக்கு ரத்தம் எங்கிருந்து வருதுன்னு 1900களோட ஆரம்பத்துல வரிசையா எழுதியிருக்கார். அந்தக் குழாயைப் பத்தி அன்னைக்கு அவரை விட அதிகம் தெரிஞ்சவங்க உலகத்துல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பாங்க. அதே ஆள் கடைசியில இந்த நோய்க்குப் பேரும் வச்சார். பின்னாடி வந்த டாக்டர்கள் அவரோட இந்த ரெண்டாவது பாதியைத்தான் படிச்சாங்க. முதல் பாதியை மறந்துட்டாங்கன்னு எனக்குத் தோணுது. எண்டோமெட்ரியோசிஸ்னா குழந்தையின்மை, சினைப்பைக் கட்டின்னு ஆயிடுச்சு. குழாய் கதையில இருந்தே காணாமப் போச்சு.

சாம்ப்சன் சொன்னதுக்குச் சாதகமா ஒரு சாட்சி இருக்கு. யூரிட்டர்ல வர்ற நோய் வலது பக்கத்தை விட இடது பக்கம்தான் அதிகம். இடது பக்கம் பெருங்குடலோட கடைசி வளைவு மறைவா உக்காந்திருக்கு, சிந்தினது அங்க தேங்கி நிக்க வசதின்னு விளக்கம் சொல்றாங்க. ஆனா பாதகமா ஒரு சாட்சியும் இருக்கு, கேட்டா ஆடிப் போயிடுவீங்க. 1941ல் சார்லஸ் ஹக்கின்ஸ், புராஸ்டேட் புத்துநோய் வந்த ஆம்பளைகளுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தா கட்டி சுருங்குதுன்னு காட்டினார், 1966ல் அதுக்கு நோபல் பரிசும் வாங்கினார். அப்படி வருஷக்கணக்கா ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்ட ஒரு ஆம்பளைக்கு, மூத்திரப்பையில எண்டோமெட்ரியோசிஸ் வந்திருக்குன்னு 1971ல் ஒரு சிறுநீரியல் இதழ்ல எழுதினாங்க. கர்ப்பப்பையே இல்லாத ஆளுக்கு! எங்கிருந்து சிந்தும்? அதனால சாம்ப்சன் மட்டும் போதாது, அந்தந்த இடத்துல இருக்கிற செல்களே ஹார்மோன் தூண்டுதல்ல உருமாறலாம்னும் ஒரு கட்சி பலமா இருக்கு. பெரும்பாலான பெண்களுக்கு ரத்தம் பின்னோக்கிச் சிந்தத்தான் செய்யுது, ஆனா சிலருக்கு மட்டும்தான் வேர் பிடிக்குது. அது ஏன்ங்கிற கேள்வி இன்னும் முழுசா தீரலை.

மூத்திரப்பையும் யூரிட்டரும் ஒரே பாதையில இருந்தாலும் குணத்துல எதிரும் புதிரும். மூத்திரப்பை வாயுள்ள பிள்ளை. அதுல ஒட்டினா எரியும், அடிக்கடி போகச் சொல்லும், நிறைஞ்சாலே வலிக்கும். மாசவிலக்கு சமயத்துல இதெல்லாம் கூடும். சிலருக்கு மட்டும் அந்த நாள்கள்ல சிறுநீர்லயே ரத்தம் வரும். நோய் வெளிப்பக்கச் சுவர்ல இருந்து உள்நோக்கி வளர்றதால, உள்பூச்சு வரைக்கும் எட்டினாத்தான் ரத்தம் கலக்கும். அதனால ரத்தம் வரலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. சிறுநீர் டெஸ்ட்ல கிருமி இருக்காது. ஆனாலும் கிருமின்னு நினைச்சு ஆன்டிபயாடிக் கொடுப்பாங்க. நாலஞ்சு நாள்ல மாசவிலக்கு முடிஞ்சு தானா குறையும். மாத்திரை கேட்டுச்சுன்னு டாக்டரும் சந்தோஷம், நோயாளியும் சந்தோஷம். அடுத்த மாசம் மறுபடி.

யூரிட்டர் ஊமை. அது உள்ள இருந்து அடைக்கிறதை விட, வெளிய இருந்து தழும்பு சுத்தி நெரிக்கிறதுதான் அதிகம். எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துல இருந்து வர்ற குடிதண்ணிக் குழாயை நடுவுல யாரோ கொஞ்சம் கொஞ்சமா மிதிக்கிறாங்க. குழாய்ல ஓட்டை விழுந்தா தண்ணி பீச்சும், ஊரே பாக்கும். மிதிச்சா ஒண்ணும் தெரியாது. இங்க தண்ணி பின்னோக்கித் தேங்கி கிட்னி வீங்கும். கல்லு அடைக்கிற மாதிரி திடீர்னு நடந்தா வலி உயிர் போகும். இது மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா நடக்குறதால பல பேருக்கு வலியே தெரியாது. இன்னொரு கிட்னி ரெண்டு பேர் வேலையையும் பாத்துக்கிறதால ரத்தத்துல கிரியாட்டினினும் ஏறாது. எங்க தொழில்ல இதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை, எல்லா டெஸ்ட்டும் பாஸ், பின்னாடி ஒரு சர்வர் செத்துக்கிட்டு இருக்கும். கண்டுபிடிக்கும்போது அந்தக் கிட்னி மீட்க முடியாத அளவுக்குப் போயிருக்கிறது அபூர்வமே இல்லைன்னு ஆய்வுக் கட்டுரைக்குக் கட்டுரை எழுதியிருக்காங்க.

வாயில்லாததைக் கண்ணால பாத்துத்தான் ஆகணும். அந்தக் கண்ணைக் கண்டுபிடிச்ச கதை தனி சுவாரஸ்யம். 1877ல் ஜெர்மனிக்காரர் மேக்ஸ் நிட்சே மூத்திரப்பைக்குள்ள வெளிச்சத்தோட எட்டிப் பாக்கிற கருவியைச் செஞ்சார். லெய்ட்டர்ங்கிற வியன்னா கருவி வித்தகரோட சேந்து 1879ல் அதை மெருகேத்திக் காட்டினார். எடிசன் பல்பு இன்னும் சந்தைக்கு வரலை. பிளாட்டினக் கம்பியை மின்சாரத்துல பழுக்கக் காய்ச்சி அதோட வெளிச்சத்துல பாத்தாங்க, உள்ள சுட்டுடாம இருக்கச் சுத்திலும் தண்ணி ஓட விட்டாங்க. நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. :-) ஹாப்கின்ஸ்ல ஹோவர்ட் கெல்லி 1890கள்ல பெண்களுக்கு மூத்திரப்பையில காத்தை நிரப்பி, நேரடியா பாத்து, யூரிட்டருக்குள்ள மெல்லிய குழாய் விட்டார். சாம்ப்சனுக்கும் கல்லனுக்கும் குரு இந்தக் கெல்லிதான்.

அடுத்து எக்ஸ்ரே. எலும்பு தெரியும், குழாய் தெரியாது. 1929ல் மோசஸ் ஸ்விக்னு ஒரு இளம் அமெரிக்க டாக்டர் ஜெர்மனிக்குப் படிக்கப் போன இடத்துல, வேற வியாதிக்கு மருந்தா செஞ்ச ஒரு அயோடின் ரசாயனத்தை நரம்புல ஏத்தினா அது கிட்னி வழியா வெளியேறும்போது எக்ஸ்ரேயில பளிச்சுன்னு தெரியுதுன்னு கண்டார். பேரை யாரு வாங்குறதுன்னு பெரிய பேராசிரியரோட தகராறு. சின்னப் பையனுக்கு உரிய மரியாதை கிடைக்கப் பல வருஷம் ஆச்சு. (ஆபீஸ்ல நம்ம கோடை மேனேஜர் டெமோ காட்டுற கதைதான், வேற என்ன.) உயிரோட இருக்கிற ஆளோட யூரிட்டர் எந்த இடத்துல நெரியுதுன்னு ஆபரேஷன் இல்லாம படமா பாக்க இதுல வழி பிறந்தது.

அப்புறம்தான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஸ்கேன். கிளாஸ்கோவில் இயன் டொனால்டுங்கிற மகப்பேறு பேராசிரியர், 1955ல் கொதிகலன் தொழிற்சாலையில உலோக விரிசல் பாக்கிற ஒலிக்கருவியை எடுத்து, ஆபரேஷன்ல எடுத்த கட்டிகள் மேல வச்சுப் பாத்தார். அதை ஆஸ்பத்திரிக்கு ஏத்த மெஷினா மாத்தினது டாம் பிரவுன்னு ஒரு இருபத்திச் சொச்ச வயசு இன்ஜினியர். 1958ல் 'லான்செட்' இதழ்ல கட்டுரை வந்தது. டொனால்டு பேரு நிலைச்சது, பிரவுன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? இன்ஜினியர் சங்கம் சார்பா இங்க பதிஞ்சு வைக்கிறேன். கிட்னி வீங்கியிருக்கா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல, ஊசி இல்லாம, கதிர் இல்லாம இன்னைக்குச் சொல்ல முடியுதுன்னா அது இவங்க புண்ணியம்.

இதெல்லாம் நடந்தப்ப நம்ம பக்கம் என்ன நிலைமை? பாக்கிற கருவி இருக்கட்டும், சொல்றதுக்கே ஆள் இல்லை. ஆம்பளை டாக்டர்கிட்ட உடம்பைக் காட்ட மாட்டோம்னு பெண்கள் வீட்டுக்குள்ளயே செத்ததைப் பாத்துத்தான் மேரி ஷார்லீப் 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில சேந்தாங்க. லண்டன் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி வந்தாங்க. 1885ல் அவங்க முயற்சியில தொடங்கினதுதான் கோஷா ஆஸ்பத்திரி, இப்ப திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. 1912ல் முத்துலட்சுமி ரெட்டி அதே கல்லூரியில டாக்டரா வெளிய வந்தாங்க. எழும்பூர்ல 1844ல இருந்தே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அங்கிருந்து வந்த லட்சுமணசாமி முதலியார் எழுதின மகப்பேறு பாடப்புத்தகத்தை இன்னைக்கும் மாணவர்கள் படிக்கிறாங்க. இவங்க எல்லாம் மலையைப் புரட்டினவங்க. ஆனா அவங்க முன்னாடி நின்ன கேள்வி, பிரசவத்துல தாய் பிழைக்கணும். நியாயமான கேள்வி. அந்த வரிசையில, சாகாம மாசா மாசம் சுருண்டு படுக்கிறவ கடைசியில நின்னா. இன்னும் அங்கதான் நிக்கிறாளோன்னு எனக்குச் சந்தேகம்.

எங்க ஊர் மில்லு ஊர். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் தொடங்கினதுல இருந்து நூல்தான் சோறு போடுது. பக்கத்துல சத்திரப்பட்டி போனீங்கன்னா தெருவெல்லாம் தறிச் சத்தம், ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி, காஸ் துணி அங்கதான் நெய்யுறாங்க. எந்த ஊர் ஆபரேஷன் தியேட்டர்ல எந்தப் புண்ணுல கட்டுனாலும் அதுல எங்க ஊர்க்காரி நெய்த துணி இருக்க வாய்ப்பு இருக்கு. அந்தத் தறியில, மில்லுல நிக்கிற பெண்ணுக்கு வலி வந்தா? தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள்ல மாதவிலக்கு வலிக்குப் பேரே ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்குறாங்கன்னு 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் சுமார் 100 பெண்கள்கிட்ட பேசி எழுதினது உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது எங்க ஊரைப் பத்தின செய்தி இல்லை. ஆனா படிக்கும்போது எந்த ஊர்ப் பெண்ணுக்கும் அது அந்நியச் செய்தியா இருந்திருக்காது. வலியை நிறுத்துற மாத்திரை, யூரிட்டரை நெரிக்கிற தழும்பை நிறுத்தாது. ஏற்கெனவே திணர்ற கிட்னிக்கு அளவில்லாம சாப்பிடுற வலி மாத்திரை தனிச் சுமை.

நான் இதைத் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க பெரியம்மா மக. ஸ்ரீவில்லிபுத்தூர்ல டீச்சர். பத்து வருஷத்துக்கு மேல மாசா மாசம் 'சூடு'. ஒரு டாக்டர் கிருமின்னார், இன்னொருத்தர் ரொம்ப யோசிக்காதம்மான்னார், மூணாவது ஆள் கர்ப்பப்பையை எடுத்துடலாமான்னு கேட்டார். ரெண்டு மூணு தடவை ஸ்கேனும் எடுத்தாச்சு. எல்லாத்துலயும் கர்ப்பப்பை, சினைப்பை மட்டும்தான் பாத்திருக்காங்க. போன வருஷம் பித்தப்பையில கல்லு இருக்கான்னு பாக்க எடுத்த ஸ்கேன்ல, அந்த அம்மா கருவியைச் சும்மா இந்தப் பக்கம் நகர்த்தியிருக்காங்க. இடது கிட்னி பலூன் மாதிரி. நான் போன்ல, "அக்கா, முதுகு வலிக்கவே இல்லையா?"ன்னு கேட்டேன். "இல்ல தம்பி. வலிச்சா நான் சொல்லியிருக்க மாட்டேனா? ஆனா வலிச்சதைச் சொன்னப்பவும் யாரு கேட்டா?"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரலை.

ஆண்டாள் ஊர். தன் உடம்பையும் ஆசையையும் ஒளிக்காம பாடின ஒருத்தியை வருஷா வருஷம் தேர்ல வச்சு ஊரே கூடி இழுக்கிறோம். அதே ஊர்ல ஒரு டீச்சருக்குத் தன் வலியைச் சொல்லி நம்ப வைக்கப் பத்து வருஷம். இதுல நான் சொல்றதுக்கு என்ன இருக்கு.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதல்ல மருந்து. மாசவிலக்கையே நிறுத்தினா அந்தத் திசுவும் சும்மா இருக்கும்ங்கிறதுதான் அடிப்படை. கர்ப்பமா இருக்கும்போது பலருக்கு நோய் அடங்குறதைப் பாத்து, ராபர்ட் கிஸ்ட்னர்ங்கிற அமெரிக்க டாக்டர் 1950களோட கடைசியில ஹார்மோன் மாத்திரையை விடாம கொடுத்து 'பொய் கர்ப்பம்' உண்டாக்கினார். பாட்டி சொன்ன 'புள்ளயப் பெத்தா சரியாப் போகும்' கட்சிதான், மாத்திரை வடிவத்துல. 1970கள்ல டானசோல் வந்தது. வேலை செஞ்சது, ஆனா சிலருக்கு மீசை முளைச்சது, குரல் தடிச்சது. குரல் திரும்பி வராமலும் போச்சு. மூளையில இருந்து சினைப்பைக்கு உத்தரவு போடுற ஹார்மோனை லட்சக்கணக்கான பன்றி, ஆட்டு மூளைகள்ல இருந்து வடிச்செடுத்துக் கண்டுபிடிச்ச ஷாலியும் கியமனும் 1977ல் நோபல் பரிசு வாங்கினாங்க. அதுல இருந்து வந்ததுதான் மாசம் ஒரு ஊசி போட்டுத் தற்காலிகமா மாதவிடாய் முடிஞ்ச நிலைக்குக் கொண்டு போற வைத்தியம். எலும்பு தேயும்ங்கிறதால ரொம்ப நாள் போட முடியாது. இப்போ பரவலா கொடுக்கிறது டயனோஜெஸ்ட், தினம் 2 மில்லிகிராம். மூத்திரப்பையில மட்டும் இருக்கிற நோய்க்கு இந்த மாத்திரையே பல பேருக்கு எரிச்சலைக் குறைச்சுக் காலத்தை ஓட்ட உதவுது.

யூரிட்டர் கதை வேற. ஹார்மோன் மாத்திரை உயிருள்ள திசுவை அடக்கும், செத்த தழும்பைக் கரைக்காது. குழாய் நெரிஞ்சு கிட்னி வீங்கியாச்சுன்னா பெரும்பாலும் கத்திதான் வழி. தழும்பை மட்டும் உரிச்சுக் குழாயை விடுவிக்க முடிஞ்சா அது அதிர்ஷ்டம். குழாய்ச் சுவரே கெட்டிருந்தா, கெட்ட துண்டை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கணும். மூத்திரப்பைக்குப் பக்கத்துலன்னா வெட்டின முனையைப் பையில புது இடத்துல பதிக்கணும். எட்டலைன்னா பையை மேல இழுத்து இடுப்புத் தசையோட தைச்சு எட்ட வைப்பாங்க. உள்ள ரெண்டு பக்கமும் சுருண்ட டிஜே ஸ்டென்ட்ங்கிற மெல்லிய குழாயைச் சில வாரம் விட்டு வைப்பாங்க. அது 1978ல் வந்த எளிமையான கண்டுபிடிப்பு, ரெண்டு முனையும் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கிறதால நழுவாது. மூத்திரப்பை நோய்னா அந்தப் பகுதிச் சுவரை முழுக் கனத்துக்கும் வெட்டி எடுத்துத் தைக்கணும். உள்பக்கமா கருவி விட்டு மேலாப்பல சுரண்டினா திரும்ப வரும், ஏன்னா வேர் வெளிப்பக்கம் இருக்கு. கிட்னி முழுசா செத்திருந்தா எடுத்துப் போடுறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தா? யூரிட்டரைச் சுத்தின தழும்பு அங்கயேதான் இருக்கும். சினைப்பை இருக்கிற வரை ஹார்மோனும் வரும். கிட்னி வீங்கிக்கிட்டே போகலாம். போதாக்குறைக்கு, ஒட்டிப் பிசினாகிக் கிடக்கிற இடத்துல அவசரமா கத்தி வச்சா 'பாலத்துக்கு அடியில தண்ணி' வெட்டுப்படுற ஆபத்தும் கூடும்.

இந்த ஆபரேஷன் எல்லாம் முன்ன வயித்தை நீளமா கிழிச்சுத்தான். ஜெர்மனியில கீல் நகரத்து குர்ட் செம், 1980ல் சின்ன ஓட்டை வழியா குடல்வாலை எடுத்துக் காட்டினப்ப அறுவை சிகிச்சைப் பேராசிரியர்கள் அவரைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. மகப்பேறு டாக்டர் நீ, உனக்கெதுக்கு இந்த வேலைன்னு. 1992ல் கேம்ரன் நெஸாத்தும் அவரோட குழுவும் எண்டோமெட்ரியோசிஸால அடைஞ்ச யூரிட்டரை லேப்ரோஸ்கோப்பியிலயே வெட்டி இணைச்சதைப் பதிவு பண்ணினாங்க. இந்தியாவுல 1990ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில டெம்டன் உத்வாடியா லேப்ரோஸ்கோப்பியில பித்தப்பை எடுத்தார். கோயம்புத்தூர்ல பழனிவேலு அந்த வித்தையைத் தமிழ்நாட்டுல வளர்த்தார். அக்காவுக்கு மதுரையில பண்ணினாங்க. மகப்பேறு டாக்டரும் சிறுநீரியல் டாக்டரும் ஒரே மேஜையில நின்னு, அஞ்சு மணி நேரம். இந்த நோய்க்கு அப்படி ரெண்டு பேர் சேந்து நிக்கிறதுதான் சரின்னு படிச்சதுல புரிஞ்சது. பாலத்துக்கு ஒருத்தர், தண்ணிக்கு ஒருத்தர். ஸ்டென்ட் எடுத்தாச்சு. இடது கிட்னி பாதிக்கும் குறைவாதான் வேலை செய்யுது, ஆனா இருக்கு. வலி மாத்திரையைக் கண்டபடி சாப்பிடாதீங்க, வருஷா வருஷம் ஸ்கேன் எடுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

ரெண்டு தேதியைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். 2016ல் பல நாட்டு ஸ்கேன் நிபுணர்கள் கூடி, ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் வயித்து மேல வச்சு கிட்னியையும் கட்டாயம் ஸ்கேன் பண்ணணும்னு ஒரு ஒருமித்த அறிக்கை வெளியிட்டாங்க. 2022ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி, நோயை உறுதி செய்ய லேப்ரோஸ்கோப்பிதான் ஒரே அளவுகோல்ங்கிற பழைய விதியைக் கைவிட்டு, நல்ல ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் முதல்ல போதும்னு சொல்லிடுச்சு. அதே 2022 ஜனவரியில விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாங்க. இன்னைக்கு ராஜபாளையத்துல ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமே இல்லை. கருவி வந்தாச்சு. ஸ்கேன் எழுதிக் கொடுக்கிற சீட்டுல 'கிட்னியும் சேத்து'ன்னு எழுதச் சொல்லிக் கேக்குறதுக்குக் காசு ஒண்ணும் கூடுதலா ஆகப் போறதில்லை. மாசவிலக்கு நாள்ல மட்டும் கூடுற எரிச்சல், சிறுநீர் டெஸ்ட்ல கிருமி இல்லாத எரிச்சல், இது ரெண்டும் இருந்தா தேதியோட ஒரு நோட்டுல குறிச்சு டாக்டர்கிட்ட நீட்டுங்க. வாய்ல சொன்னா கேக்காதவங்க கூட எழுத்துல கொடுத்தா பாக்குறாங்க. அக்காவோட அனுபவம்.

மத்த மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள். தஞ்சாவூர், கொங்கு, நெல்லை, யாழ்ப்பாணம்னு உங்க பக்கத்துல இந்த ரெண்டும் சேந்து வர்ற வலிக்குப் பாட்டிமார் யாராவது தனியா ஒரு பேரு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. அக்கா கேக்கச் சொன்னாங்க, அவங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் போறாங்களாம்.